தூசி வரைபடத்தில் சிங்கப்பூர் வெள்ளை, எங்கள் வீட்டு மின்விசிறி கறுப்பு: எதை நம்புவது?

ஈசூன்_அப்பா | சனி, இரவு 9:40

மகள் தொடக்கக் கல்லூரி முதலாண்டு. அறிவியல் செயல்திட்டத்துக்குக் காற்றில் பறக்கும் கனிமத் தூசியை எடுத்திருக்கிறாள். ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் சேவை, அடுத்த ஐந்து நாளில் எந்த ஊர் வானத்தில் எவ்வளவு தூசி இருக்கும் என்று கணினி மாடலை வைத்துக் கணித்து உலக வரைபடம் போடுகிறது. சகாரா பழுப்பு, அரபிக்கடல் மஞ்சள், ராஜஸ்தான் ஆரஞ்சு. சிங்கப்பூர் சுத்த வெள்ளை.

நேற்று இரவு நாற்காலி மேல் ஏறி மின்விசிறி இறக்கையில் விரலை ஓட்டி, என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அப்பா, இது எங்கேருந்து வந்துச்சு? மாடல் பொய் சொல்லுதா?" நான் கணக்காளர். எனக்குத் தெரிந்தது வரவும் செலவும்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேக்கா_டீகிளாஸ் | சனி, இரவு 9:47

மின்விசிறியைத் துடைங்க சார். மாடல் தானா சரியாயிடும்.

பட்டறை_பாலா | சனி, இரவு 10:15

உங்க புளோக் பக்கத்துல புது வீவக அடுக்குமாடி கட்டுறாங்களா? அப்போ அந்தத் தூசிதான். லாரி சக்கரத்தைக் கழுவாம வெளியே விட்டா ரோடு முழுக்க மண்ணு. அதுக்குத்தான் சைட்ல தண்ணி லாரி வச்சு அடிச்சிக்கிட்டே இருப்பாங்க.

கணினிமணல் | சனி, இரவு 11:02

ஏழு வருடமாக இந்தத் தூசியில்தான் எனக்குச் சோறு. கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வெள்ளை. அது பூஜ்யம் இல்லை. படத்தில் வண்ணம் தீட்டியிருப்பது ஒளித்தடிமனுக்கு, அதாவது மேலிருந்து வரும் வெளிச்சத்தைத் தூசி எவ்வளவு தடுக்கிறது என்ற கணக்குக்கு. ஓர் அளவுக்குக் கீழே போனால் வண்ணமே பூசமாட்டார்கள். படத்தை விட்டுவிட்டு எண்களைத் தரவிறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது மின்விசிறி. மாடலில் 'தூசி' என்றால் காய்ந்து வெறிச்சோடிய நிலத்திலிருந்து காற்று கிளப்பும் கனிமத் துகள் மட்டும்தான். உங்கள் இறக்கையில் இருப்பது துணி நூல், தோல் உதிர்வு, சாலைப் புழுதி, சாமி அறைச் சாம்பிராணிக் கரி, பாலா சொன்ன கட்டுமான மண். அதோடு மாடல் உலகத்தைச் சதுரக் கட்டங்களாக வெட்டித்தான் கணக்குப் போடும். அந்த மாடலின் ஒரு கட்டம் சுமார் 40 கிலோமீட்டர். மேற்குக் கோடியான துவாஸிலிருந்து கிழக்குக் கோடியான சாங்கி வரைக்குமே 50 கிலோமீட்டர்தான். நாடே ஒன்றிரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும், அதிலும் பாதி கடல். ஈசூன் என்று ஓர் ஊர் இருப்பதே அதற்குத் தெரியாது.

பாலைவனத் தூசி இங்கே வராததற்குக் காரணம் தூரம் மட்டும் இல்லை, மழையும்தான். நமக்கு வருடத்துக்கு 2100 மில்லிமீட்டர் வாக்கில் பெய்கிறது. சுற்றிலும் அதே கதை. தப்பித் தவறி வருவதையும் வழியிலேயே கழுவிவிடும்.

ஈசூன்_அப்பா | ஞாயிறு, காலை 8:20

நன்றி தம்பி. படித்துக் காட்டினேன். உடனே அடுத்த கேள்வி: "2013-ல் புகைமூட்டம் வந்தப்போ காற்றுமாசுக் குறியீடு பிஎஸ்ஐ 401 போச்சே, அதையும் இதே மாடல்தான் கணிக்குமா?" அப்போது அவள் கைக்குழந்தை மாதிரி, ஆனால் அந்த எண் மட்டும் மனப்பாடம்.

கணினிமணல் | ஞாயிறு, காலை 9:05

கேள்வி நல்ல இடத்தில் விழுந்திருக்கிறது. 2013 ஜூன் 21-ல் வந்தது சுமத்ராவின் கரிநிலம் எரிந்த புகை. மாடலில் புகைக்கும் தூசிக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. தீ எங்கே எரிகிறது என்பதைத் துணைக்கோள் வெப்பத்தை வைத்துப் பார்த்துச் சொல்லிவிடும். மாடல் அதை வாங்கி, காற்றில் ஏற்றி அனுப்பினால் போதும். தூசிக்கு அப்படி யாரும் சொல்லித் தருவதில்லை. எந்த நிலம், எத்தனை மணிக்கு, எவ்வளவு கிளப்பியது என்பதை மாடல் தானே கணக்கிட வேண்டும். எங்கள் தலைவலியில் முக்கால்வாசி அங்கேதான்.

காற்று தூசியை நேராகத் தூக்குவதில்லை. ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), இரண்டு மைக்ரான் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். முதலில் கிளம்புவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணல். அது துள்ளும், விழும், மறுபடி துள்ளும். விழும்போது தரையை அடிக்கிற அடியில்தான் நுண்தூசி தெறித்து மேலே போகிறது. இந்தத் துள்ளலை முதலில் ஒழுங்காக அளந்து எழுதியவர் பேக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். எகிப்து, லிபியா பாலைவனத்தில் கார் ஓட்டித் திரிந்தவர். அவருடைய புத்தகம் 1941-ல் வந்தது, இன்னமும் எங்கள் மேசையில் இருக்கிறது.

பட்டறை_பாலா | ஞாயிறு, காலை 10:31

தம்பி, இது எனக்குத் தெரியும்யா! பதினாலு வருஷம் கப்பல் பட்டறையில கிரிட் பிளாஸ்டிங், அதாவது மணல் மாதிரிக் கிரிட்டை அடிச்சு இரும்பைச் சுத்தம் பண்ற வேலை. காப்பர் ஸ்லாக் கிரிட்டை அழுத்தத்துல அடிச்சா கிரிட்டு அப்படியே காலடியில கொட்டிரும். ஆனா இரும்புல பட்டுக் கிளம்புற புகை மாதிரித் தூள் இருக்கு பாருங்க, அது அரைமணி நேரம் ஆனாலும் இறங்காது. கண்ணுக்குத் தெரியற கிரிட்டு ஒண்ணும் பண்ணாது, தெரியாத தூளுக்குத்தான் முகமூடிம்பார் எங்க சூப்பர்வைசர். பாலைவனத்துலயும் அதே பிளாஸ்டிங்தானா?

கணினிமணல் | ஞாயிறு, காலை 10:40

அதேதான் அண்ணே. இனிமேல் வகுப்பில் இதைத்தான் சொல்லப்போகிறேன். தண்ணி லாரி சொன்னீர்களே, அதுவும் மாடலில் இருக்கிறது. மண் ஈரமானால் துகள்கள் ஒட்டும், துள்ள வைக்க இன்னும் பலத்த காற்று வேண்டும். ஈரத்துக்கு ஏற்ப அந்த வரம்பை உயர்த்துகிற சூத்திரம் உண்டு.

நிரலன் | ஞாயிறு, பகல் 1:12

மென்பொருள்காரன் கேட்கிறேன். காற்று இருக்கிறது, மண் இருக்கிறது, சூத்திரமும் இருக்கிறது. அப்புறம் என்ன தலைவலி?

கணினிமணல் | ஞாயிறு, பகல் 2:30

கிளம்பும் தூசி, காற்று வேகத்தின் மூன்றாம் படியோடு ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் தூசி எட்டு மடங்கு. அதுவும் ஒரு வரம்பைத் தாண்டின பிறகுதான். நிலத்தைப் பொறுத்து விநாடிக்கு 6, 7 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு 40 கிலோமீட்டர் கட்டம். அதில் கால்வாசி இடத்தில் காற்று 12 மீட்டர், மற்ற இடத்தில் 4 மீட்டர். சராசரி 6. மாடலுக்குத் தெரிவது அந்த 6 மட்டும். வரம்பு 6.5 என்றால் "தூசி இல்லை" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடும். அங்கே நிஜத்தில் கால்வாசி நிலம் கண் தெரியாமல் புழுதியடித்துக்கொண்டிருக்கும்.

எங்கே அப்படி நடக்கும் என்று கேட்டால் நம்ம ஊர் ஸ்குவாலை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை சுமத்ரா பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வரும், மழைக்குப் பத்து நிமிடம் முன்னால் ஜில்லென்று ஒரு காற்று அடித்துக் கொடித்துணியை எல்லாம் கீழே தள்ளும். இடிமேகத்திலிருந்து கொட்டிய குளிர்காற்று தரையில் பட்டுப் பரவுகிறது, அவ்வளவுதான். அதே காற்று சூடானில் காய்ந்த தரையில் பரவினால் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் புழுதிச் சுவர் எழும்பும். ஹபூப் என்பார்கள். கோடைகாலச் சகாராத் தூசியில் கணிசமான பங்கு இப்படிக் கிளம்புவது. உலக மாடல்களின் கட்டத்துக்குள் அந்த இடிமேகமே பிடிபடாது, அதனால் அந்தக் காற்றும் இல்லை, அந்தத் தூசியும் இல்லை. இங்கே வானிலைத் துறை ஓட்டும் சிங்வி மாடலின் கட்டம் 1.5 கிலோமீட்டர், அதில் ஸ்குவால் தெரியும். ஆனால் உலகம் முழுக்க, வருடக்கணக்கில், அவ்வளவு சின்னக் கட்டத்தில் தூசியை ஓட்ட எங்களுக்குக் கணினி நேரம் யார் தருவார்கள்?

நிரலன் | ஞாயிறு, பகல் 2:51

அப்படியானால் மொத்தத் தூசி குறைவாகத்தானே வரும்? வரைபடத்தில் சகாரா நன்றாகப் பழுத்துத்தானே இருக்கிறது?

கணினிமணல் | ஞாயிறு, பகல் 3:20

ஹ்ம். பிடித்துவிட்டீர்கள். சூத்திரத்தின் முன்னால் ஒரு மாறிலி இருக்கிறது. துணைக்கோளும், தரையிலிருந்து சூரியனைப் பார்த்து அளக்கும் ஏரோநெட் கருவிகளும் சொல்லும் ஒளித்தடிமனோடு ஒத்துப்போகும்வரை அந்தக் குமிழைத் திருகுவோம்.

நிரலன் | ஞாயிறு, பகல் 3:22

அதாவது விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிறீர்கள். எங்கள் அலுவலகத்தில் இப்படிச் செய்தால் சோதனைக் குழு உதைக்கும்.

ஈசூன்_அப்பா | ஞாயிறு, பகல் 3:30

எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் வேறு. உள்ளே தூக்கிவிடுவார்கள்.

கணினிமணல் | ஞாயிறு, மாலை 4:45

சிரித்துவிட்டேன். ஆனால் கோபப்படாமல் கேளுங்கள். குமிழ் திருகுவது குற்றமில்லை. சகாராவின் ஒவ்வொரு சதுர மீட்டரின் மண்ணையும் யாரும் சல்லடையில் போட்டுப் பார்த்ததில்லை, எங்கேயாவது ஓரிடத்தில் நிஜத்தோடு முடிச்சுப் போட்டுத்தான் ஆக வேண்டும். நாங்கள் செய்கிற தப்பு, முடிச்சுப் போட்ட இடத்தை மட்டும் காட்டிவிட்டு "பாருங்கள், பொருந்துகிறது" என்பது.

2011-ல் 15 உலக மாடல்களை வரிசையில் நிறுத்தி ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வந்தது. ஒளித்தடிமனில் மாடல்கள் நிஜத்திலிருந்து இரண்டு மடங்குக்குள் நின்றன. தரையில் படிந்த தூசி, தரைமட்டக் காற்றில் இருந்த தூசி என்று போனால் பத்து மடங்குவரை விலகல். வட ஆப்பிரிக்காவிலிருந்து மட்டும் வருடத்துக்கு எவ்வளவு கிளம்புகிறது என்றால் ஒரு மாடல் 40 கோடி டன் என்கிறது, இன்னொன்று 220 கோடி டன் என்கிறது. கிட்டத்தட்ட ஒரே மாதிரி மஞ்சள் படம் போடுகிறவர்கள்தான் இத்தனை பேரும்.

நிரலன் | ஞாயிறு, மாலை 4:58

வரவில் இவ்வளவு வித்தியாசம் இருந்தும் இருப்பு ஒரே மாதிரி வர வேண்டுமென்றால் செலவிலும் யாரோ விளையாட வேண்டும். தூசி கீழே இறங்குவதிலா?

கணினிமணல் | ஞாயிறு, மாலை 5:10

ஆமாம், இறங்குவதிலும், அதைவிட முக்கியமாகத் துகளின் அளவிலும். இரவு எழுதுகிறேன், பிள்ளையை நீச்சலுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

கரந்தை_ஆசிரியை | ஞாயிறு, மாலை 6:25

இதற்கு நான் பதில் சொல்லலாமா? களத்து மேட்டில் வளர்ந்தவள். நெல் தூற்றும்போது முறத்தை உயர்த்திப் பிடித்துக் கொட்டினால் நெல்மணி காலடியில் விழும், கருக்காய் இரண்டடி தள்ளி விழும், பதர் பக்கத்து வயல் வரைக்கும் போகும். எங்கள் அப்பா குவியலைப் பார்த்தே அன்றைக்கு எப்படிக் காற்று என்று சொல்லிவிடுவார். உங்கள் மாடலும் தூசியை இப்படித் தரம் பிரிக்கிறதா, இல்லை எல்லாம் ஒரே குவியலா?

கணினிமணல் | ஞாயிறு, இரவு 9:50

ஆசிரியை அவர்களே, இதை நான் முன்பே கேட்டிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

தரம் பிரிக்கிறோம், ஆனால் கஞ்சத்தனமாக. ஒவ்வொரு தரத்தையும் தனித்தனியாக உலகம் முழுக்க நகர்த்த வேண்டும், செலவு ஏறும். கோப்பர்நிக்கஸ் மாடலில் மூன்றே மூன்று கூடை. நாசாவின் கோகார்ட் மாடலில் ஐந்து. அந்த மூன்றில் கடைசிக் கூடையில் 0.9 மைக்ரான் ஆரம் தொடங்கி 20 மைக்ரான் வரை எல்லாம் ஒன்றாக. மிளகையும் பரங்கிப் பிஞ்சையும் ஒரே கூடையில் போட்டு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு விழும் வேகம் வைத்த மாதிரி.

விழும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும், ஸ்டோக்ஸ் விதி. அசையாத காற்றில் 1 மைக்ரான் விட்டத் துகள் ஒரு நாளில் 7 மீட்டர் இறங்கும். 10 மைக்ரான் 700 மீட்டர். 20 மைக்ரான் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர். சகாராவிலிருந்து கிளம்பும் தூசி அட்லாண்டிக்குக்கு அக்கரையில் இருக்கும் பார்படோஸ் தீவுக்குப் போய்ச்சேர ஒரு வாரம் ஆகும். அப்படியென்றால் பெரிய துகள் எதுவும் கரை சேரவே கூடாது.

ஆனால் சேர்கிறது. அட்லாண்டிக் நடுவில் மிதவைகளில் தூசிப் பொறி கட்டிப் பிடித்துப் பார்த்தார்கள், 2018-ல் வெளியானது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 3500 கிலோமீட்டர் தள்ளிக்கூட, கண்ணால் பார்க்கக்கூடிய மணல். 450 மைக்ரான் வரை. சுழல்காற்றா, இடிமேகமா, துகள்களின் மின்னேற்றமா, இன்னும் சண்டை ஓயவில்லை.

2020-ல் அடேபியி, கோக் என்ற இருவர் விமானத்தில் அள்ளிய அளவுகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 5 மைக்ரானுக்கு மேற்பட்ட தடித்த தூசி வானத்தில் எந்த நேரமும் 1.7 கோடி டன் மிதக்கிறது, மாடல்களில் இருப்பது அதில் கால்வாசிதான். அப்புறம் எப்படி ஒளித்தடிமன் பொருந்தியது? நுண்தூசியை அளவுக்கு மேல் போட்டு. ஒரு கிலோ நுண்தூசி, ஒரு கிலோ தடித்த தூசியைவிட வெளிச்சத்தை அதிகம் மறைக்கும். நெல் குறைந்த இடத்தைப் பதரால் நிரப்பிக் குவியலின் உயரத்தைச் சமன் செய்திருக்கிறோம்.

நிரலன் | ஞாயிறு, இரவு 10:04

உயரம் சரியாக இருந்தால் போதாதா? யாருக்கு என்ன நட்டம்?

கணினிமணல் | ஞாயிறு, இரவு 10:31

சோறு பொங்கும்போது தெரியும்.

நுண்தூசி வெயிலைத் திருப்பி அனுப்பும், பூமி குளிரும். தடித்த தூசி வெயிலையும் உறிஞ்சும், தரையிலிருந்து எழும் வெப்பத்தையும் பிடித்துவைக்கும், சூடாகும். பதரை அதிகம் போட்ட மாடல், தூசி பூமியைக் குளிர்விக்கிறது என்று அளவுக்கு மீறிச் சொல்லும். மொத்தத்தில் குளிர்விக்கிறது என்றுதான் இன்றைய மதிப்பீடும் சாய்கிறது, ஆனால் பழைய மாடல்கள் சொன்ன அளவுக்கு இல்லை. இதில் ஒளித்தடிமனை மட்டும் வைத்து நானே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன், நிரலன் தேடிப் பிடிக்க வேண்டாம்.

தேரிக்காட்டான் | திங்கள், காலை 7:15

எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே படித்து இறங்க வேண்டிய நிலையத்தை விட்டுவிட்டேன். எனக்கு ஊர் திருச்செந்தூர் பக்கம் தேரிக்காடு. ஆனி ஆடிக் காற்றில் செம்மண் தார்ச்சாலையைக் குறுக்கே கடந்து போகும், சைக்கிளில் போனால் கெண்டைக்காலில் மட்டும் ஊசி மாதிரிக் குத்தும், முகத்தில் படாது. தம்பி சொன்ன துள்ளல் அதுதான் என்று இன்றைக்குத்தான் புரிந்தது. பனையும் முந்திரியும் வைத்த இடத்தில் மண் நகராது. கேள்வி: சிவப்பு மண்ணுக்கும் வெள்ளை மண்ணுக்கும் மாடலில் வேறுபாடு உண்டா?

கணினிமணல் | திங்கள், பகல் 12:40

கெண்டைக்கால் நல்ல அளவுகோல். துள்ளும் மணலில் பெரும்பகுதி அந்த உயரத்துக்குக் கீழேதான்.

நிறம் முக்கியம். தேரி சிவக்கக் காரணம் இரும்பு ஆக்சைடு, அது வெயிலை உறிஞ்சும். சாட் நாட்டின் போதெலே பள்ளம் இதற்கு நேர்மாறு. பழைய ஏரி வற்றிய இடம், ஏரிப்பாசியின் ஓடுகள் படிந்த வெளுத்த தூள். திபெஸ்தி, என்னெதி மலைகளுக்கு நடுவே காற்று குழாயில் வருகிற மாதிரிப் பாய்ந்து அதை அள்ளிக்கொண்டு போகிறது. உலகத்திலேயே அதிகம் தூசி கிளம்பும் இடங்களில் ஒன்று. பெரும்பாலான மாடல்கள் தேரியையும் போதெலேயையும் ஒரே நிறத் தூசியாகத்தான் வைத்திருந்தன. 2022 ஜூலையில் எமிட் என்ற கருவியை விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினார்கள், வறண்ட நிலங்களில் எங்கே எந்தக் கனிமம் என்று படமெடுக்க. அந்தத் தரவு இப்போதுதான் மாடல்களுக்குள் நுழைகிறது.

உறிஞ்சும் தூசி நம் ஆட்களுக்கும் சம்பந்தப்பட்டது. அரபிக்கடல் மேல் தூசி அதிகமானால் அந்தக் காற்று சூடாகி, ஈரக்காற்றை வேகமாக இழுத்து, ஒரு வாரத்துக்குள் இந்தியாவின் நடுப்பகுதியில் மழை கூடுகிறது என்று வினோஜும் உடனிருந்தவர்களும் 2014-ல் காட்டினார்கள். தூசி எவ்வளவு சிவப்பு என்பதைப் பொறுத்து அந்த விடை மாறும். தூசி இருந்தால் மழை குறையும் என்றே கேட்டுப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

கரந்தை_ஆசிரியை | திங்கள், மாலை 5:02

அரபுநாட்டுப் புழுதியால் நம் ஊரில் மழை! அப்பா இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டார். "காத்தைக் கேட்டுட்டு வா" என்றிருப்பார்.

ஈசூன்_அப்பா | அடுத்த சனி, இரவு 8:55

எல்லோருக்கும் நன்றி. தகவல்: எண்களைத் தரவிறக்கினாள். சிங்கப்பூர் பூஜ்யம் இல்லை. புள்ளிக்குப் பின்னால் இரண்டு பூஜ்யம் தாண்டி ஏதோ இருக்கிறது. அதைக் கண்டதும் வீட்டில் ஒரு கூச்சல், ஏதோ நான்கிலக்க லாட்டரிப் பரிசு விழுந்த மாதிரி.

மின்விசிறித் தூசியை ஒட்டுநாடாவில் எடுத்துக் கல்லூரி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்களாம். பாதிக்கு மேல் நூல். என் வேட்டி நூல் என்று ஒரு சந்தேகம். நடுநடுவே கறுப்புப் புள்ளிகள், இரண்டு மூன்று பளபளக்கும் சில்லு. அந்தச் சில்லு எங்கிருந்து என்று கேட்டால் "பக்கத்துக் கட்டுமானம், சகாரா இல்லை, ஆசைப்படாதீங்கப்பா" என்கிறாள்.

செயல்திட்டத்தின் தலைப்பை மாற்றிவிட்டாள். பார்சிலோனா தூசி மையத்தின் பக்கத்தில் பல மாடல்களை அடுத்தடுத்துப் போட்டிருக்கிறார்களே, அதில் இரண்டை எடுத்து, ஒரே நாளுக்கு ஒளித்தடிமனையும் தரைமட்டத் தூசியையும் தனித்தனியாக ஒப்பிடப் போகிறாளாம். ஒன்றில் ஒத்துப்போய் இன்னொன்றில் எவ்வளவு பிரிகின்றன என்று பார்க்க. அவளுடைய ஆசிரியர் "கொஞ்சம் பெரிய வேலை" என்றாராம். கணினிமணல் தம்பி, சந்தேகம் வந்தால் இங்கேயே கேட்கலாமா?

கணினிமணல் | அடுத்த சனி, இரவு 9:10

தாராளமாக. ஒரே ஒரு எச்சரிக்கை: இரண்டு மாடலும் கூடைகளை எந்த அளவில் பிரித்திருக்கின்றன என்று முதலில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிலர் ஆரம் போடுவார்கள், சிலர் விட்டம். நான் அதில் மூன்று மாதம் தொலைத்தவன்.

தேக்கா_டீகிளாஸ் | அடுத்த சனி, இரவு 9:14

எல்லாம் சரி. மின்விசிறியைத் துடைச்சீங்களா இல்லையா?

ஈசூன்_அப்பா | அடுத்த சனி, இரவு 9:20

இரண்டு இறக்கை துடைத்தாயிற்று. மூன்றாவதைத் தொடக் கூடாதாம். மாதிரியாம். ஓட்டினால் டகடகவென்று ஆடுகிறது.